யானை விலையா, விலையே இல்லாததா? ஒரு யூரோவில் முடியும் காதல் கதை

 

இன்னைக்கு ஒரே ஒரு படம்தான். 2006 டிசம்பரில் பிரான்ஸில் வெளியான காதல் காமெடி. பிரெஞ்சுப் பெயர் 'ஓர் து ப்ரீ', ஆங்கிலத்தில் 'ப்ரைஸ்லெஸ்'. இயக்கம் பியேர் சல்வதோரி. நாயகி ஆட்ரி டோடூ, 'அமெலி' படத்தில் பெரிய கண்ணோடு வருவாங்களே, அவங்கதான். நாயகன் காத் எல்மலே. மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்து, பிரான்ஸில் ஸ்டாண்ட்-அப் காமெடியில் பெரிய பெயர் எடுத்தவர்.

முதலிலேயே சொல்லிடறேன், கிளைமாக்ஸ் வரைக்கும் கதையைச் சொல்லப் போறேன். ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படம் பார்த்துட்டு வாங்க. கோவிச்சுக்க மாட்டேன்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தில் 'ப்ரைஸ்லெஸ்' என்றால் விலைமதிப்பில்லாதது. அம்மாவின் அன்பு, தாத்தாவின் பழைய கடிகாரம், அந்த மாதிரி. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் கடையில் ஒரு பையின் விலையைப் பார்த்து மயக்கம் வரும்போதுதான் 'ஓர் து ப்ரீ' என்பார்கள். நம்ம ஊர் மொழியில் யானை விலை குதிரை விலை. ஆங்கிலத் தலைப்பு காதலைச் சொல்கிறது, பிரெஞ்சுத் தலைப்பு பில்லைச் சொல்கிறது. படம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

கதைக்கு வருவோம். பிரான்ஸின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலோரத்தில் பியாரிட்ஸ் என்று ஒரு ஊர். 1850-களில் மூன்றாம் நெப்போலியன் தன் மனைவி யூஜெனி அரசிக்காக அங்கே கடலைப் பார்த்து ஒரு மாளிகை கட்டினார். அரசி வந்ததும் பணக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். அந்த மாளிகை பிறகு ஓட்டலாகவும் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட பியாரிட்ஸில் ஒரு ஆடம்பர ஓட்டலில் வேலை பார்ப்பவன் நம்ம ஹீரோ ழான். பார் கவுன்ட்டரும் பார்ப்பான், வெயிட்டர் வேலையும் செய்வான். அவனிடம் ஒரே ஒரு பிரச்சினை. யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாது.

ஒரு ராத்திரி ஒரு விருந்தாளி, என்னோடு உட்கார்ந்து குடி, சுருட்டு பிடி என்று வற்புறுத்த, ழானும் உட்கார்கிறான். அப்படியே சோபாவில் தூங்கிப்போகிறான். அதே ஓட்டலில் இரேன் தங்கியிருக்கிறாள். வசதியான, வயதான ஆண்களோடு இருந்து, அவர்கள் காசில் வாழும் பெண். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள். கூட வந்த ழாக் என்ற பெரியவர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார். தனியாகக் கீழே இறங்கி வருகிறவள் கண்ணில், கறுப்பு சூட்டில் சோபாவில் கிடக்கும் ழான் படுகிறான். இவனும் இங்கே தங்கியிருக்கும் பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். அவன் திருத்தவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அந்த மாதிரி ஓட்டல்களில் வெயிட்டர் போடும் உடுப்பும் விருந்தாளி மாலையில் போடும் உடுப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் வில் டை. வித்தியாசம் துணியில் இல்லை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ழான் நின்றிருந்தால் அவள் ஒரு காக்டெய்ல் கேட்டுவிட்டுப் போயிருப்பாள். உட்கார்ந்திருந்ததால் காதல் வந்தது.

இந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது நான் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்திட்டு கிச்சனுக்குப் போய்த் தண்ணி குடிச்சேன். ஏன்னு சொல்றேன்.

நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, செமஸ்டர் லீவில் கேட்டரிங் வேலைக்குப் போவேன். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது. எங்க வீட்டில் கேட்டால் கிடைக்காத காசு அதில் கிடைக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், மேலே மெரூன் கலரில் கையில்லாத கோட்டு ஒன்று கொடுப்பார்கள். ஒரு ரிசப்ஷனில், வாசல் பக்கம் என் கிளாஸ்மேட் ஒருத்தி அவள் அப்பா அம்மாவோடு வருவதைப் பார்த்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்க் கோட்டைக் கழற்றிப் பாத்திரம் அடுக்கியிருந்த இடத்தில் தூக்கிப் போட்டது. இப்போ நான் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு விருந்தாளி.

"நீயும் வந்திருக்கியா?" என்றாள். "ம், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்" என்றேன். அஞ்சு நிமிஷம் பேசியிருப்போம். ரொம்ப நல்ல அஞ்சு நிமிஷம். அப்புறம் பின்னாடியிலிருந்து சூப்பர்வைசர் அண்ணன் குரல்: "தம்பி, அங்க என்ன பேச்சு? மூணாவது பந்திக்கு வாட்டர் பாட்டில் யார் வைப்பா?"

நான் போய் வைத்தேன். அவள் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தாள். பாட்டிலை வைக்கும்போது "தேங்க்ஸ்" என்றாள். அவ்வளவுதான். மிச்ச ரெண்டு வருஷம் நான் அவள் இருக்கும் பக்கமே போகவில்லை.

சரி, படத்துக்குத் திரும்புவோம்.

அந்த முதல் ராத்திரி, ஓட்டலின் பெரிய சூட் ஒன்றில் இருவரும் தங்குகிறார்கள். காலையில் அவள் இல்லை. ஒரு வருஷம் கழித்து அதே ழாக்கோடு திரும்பி வருகிறாள். இந்த முறை ழாக் கல்யாணமே செய்துகொள்கிறேன் என்கிறார். அதற்குள் ழானோடு அவளைப் பார்த்துவிடுகிறார், உறவு முறிகிறது. இரேன் நேராக ழானிடம் வந்து, உனக்காகத்தான் அவரை விட்டுவிட்டு வந்தேன் என்கிறாள். அது பொய். அவன் பணக்காரன் போல நிற்கிறான். அதுவும் பொய். மறுநாள் காலை அந்த சூட்டை முறையாக புக் செய்தவர்கள் மேனேஜரோடு உள்ளே வந்துவிடுகிறார்கள். கட்டிலில் இருப்பவன் யார் என்பது இரேனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் போய்விடுகிறாள்.

சாதாரணக் காதல் காமெடி என்றால் இங்கே இன்டர்வெல் விட்டு, இரண்டாம் பாதி முழுக்க ஹீரோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடுவான். கடைசியில் ஹீரோயின், பணம் முக்கியமில்லை என்று திருந்துவாள். சல்வதோரி அந்தப் பக்கமே போகவில்லை. ழான் வேலையை விட்டுவிட்டு, அவளைத் தேடி மத்தியதரைக் கடலோரம், ரிவியெராவுக்குப் போகிறான். தான் யானை விலை என்று அவள் மறைக்காமல் சொல்கிறாள். அவன் சேமிப்பை எடுத்துச் செலவு செய்ய ஆரம்பிக்கிறான். சாப்பாடு, துணி, ஓட்டல் அறை. வெயிட்டராக இத்தனை வருஷம் சேர்த்தது சில நாளில் கரைகிறது. கடைசியில் பாக்கெட்டில் ஒரே ஒரு யூரோ நாணயம். அதை நீட்டி, இன்னும் பத்து விநாடி இரு என்று கேட்கிறான்.

பத்து விநாடிக்கு ஒரு யூரோ. நான் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் வேலை செய்கிறேன், அதனால் இந்தக் கணக்கு தலைக்குள் தானாக ஓடும். மணிக்கு 360 யூரோ. காதலை இப்படி விநாடிக் கணக்கில் பில் போட்டுக் காட்டிய இன்னொரு காட்சி என் நினைவில் இல்லை. சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

அந்தப் பத்து விநாடியும் முடிகிறது. அவள் ழில் என்ற இன்னொரு பணக்காரனோடு போய்விடுகிறாள். ழானிடம் ஓட்டல் பில் கட்டக் காசில்லை. அப்போதுதான் மத்லேன் என்ற பணக்கார விதவை அவனைப் பிடித்துக்கொள்கிறாள். பில் கட்டுகிறாள், தன்னோடு வைத்துக்கொள்கிறாள். இப்போது ழானும் இரேன் செய்யும் அதே வேலையில்.

இங்கேதான் படம் தன் முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடே.

இரேன் முதலில் கடுப்பாகிறாள். அப்புறம் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறாள். எப்போது பேசாமல் இருப்பது, வாக்கியத்தை எங்கே பாதியில் விட்டு எதிராளியை ஏங்கவைப்பது, வாயால் கேட்காமல் பரிசு வாங்குவது எப்படி. சீனியர் ஒருத்தி ஜூனியருக்கு டிரெயினிங் கொடுப்பது போலவே இருக்கும். ழான் நல்ல மாணவன். மத்லேனிடமிருந்து 30,000 யூரோ கைக்கடிகாரம் ஒன்றைக் கறந்துவிடுகிறான். நம்ம கணக்கில் கால் கோடி ரூபாய்க்கு மேல். அவரவர் முதலாளிகள் தூங்கியதும் இருவரும் ரகசியமாகச் சந்தித்து, அன்றைய நாள் எப்படிப் போனது என்று பேசிக்கொள்கிறார்கள். ஆபீஸ் முடிந்து டீக்கடையில் நின்று மேனேஜரைத் திட்டுவோம் இல்லையா, அது மாதிரி. முதல் தடவையாக இருவரும் ஒருவரிடம் ஒருவர் நடிக்கவில்லை. உண்மையான காதல் அந்த ரகசிய நேரங்களில்தான் ஆரம்பிக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரேனும் ழானும் முதல் நாளிலிருந்தே ஒரே துறையில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு பேருக்கும் வேலை, பணக்காரரின் முகத்தைப் பார்த்து அவர் கேட்கும் முன்னாலேயே செய்து முடிப்பது. இரண்டு பேராலும் 'முடியாது' என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் சிரித்த முகமாக நிற்க வேண்டும். ழானுக்காவது ஷிஃப்ட் முடிகிற நேரம் ஒன்று உண்டு, இரேனுக்கு அதுகூடக் கிடையாது. பிறந்தநாள் ராத்திரியில்கூட முதலாளி தூங்கிய பிறகுதான் அவளால் கீழே இறங்கி வர முடிந்தது. 'பணத்துக்காகப் பழகுபவள்' என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடும் அவளை, படம் ஒரு தொழிலாளியாகக் காட்டுகிறது. வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் காட்டுகிறது. ழானோடு அவளைப் பார்த்ததும் ழில் கிளம்பிவிடுகிறான். அவள் உடம்பில் நீச்சலுடையும் இடுப்பில் சுற்றிய ஒரு துணியும்தான் மிச்சம். நோட்டீஸ் பீரியட் இல்லை, செட்டில்மென்ட் இல்லை. வாங்கிக்கொடுத்தது எதுவும் அவளுடையது இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். படம் பார்க்கும்போது முதல் பாதியில் இரேன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அந்தப் பையனோட சேமிப்பை இப்படிக் கரைக்கிறாளே என்று. இரண்டாம் பாதியில் ழான் அதே வேலையை மத்லேனிடம் செய்யும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரே வேலை. பெண் செய்தால் சுரண்டல், ஆண் செய்தால் காமெடி. அந்தக் கணக்கு படத்தில் எழுதி வைக்கப்படவில்லை, என் தலைக்குள் இருந்தது.

இந்த 'வேஷம் போட்டுக் காதல்' கதை பிரான்ஸுக்குப் புதிதில்லை. 1730-இல் மாரிவோ எழுதிய 'காதலும் தற்செயலும் ஆடும் ஆட்டம்' என்ற நாடகத்தில், ஒரு பணக்காரப் பெண் தனக்குப் பார்த்த மாப்பிள்ளையைச் சோதிக்க வேலைக்காரியோடு உடுப்பை மாற்றிக்கொள்கிறாள். மாப்பிள்ளையும் தன் வேலைக்காரனோடு மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். கடைசியில் யார் யாரைக் காதலிக்கிறார்கள்? வேஷம் போட்ட எஜமானி, வேஷம் போட்ட எஜமானனை. வேலைக்காரி, வேலைக்காரனை. உடுப்பு மாறினாலும் அந்தஸ்து அந்தஸ்தைத் தேடிப் போய்விட்டது. அழகான நாடகம்தான், ஆனால் யாருடைய இடமும் அசையவில்லை.

சல்வதோரி படத்துக்கு இன்னும் நெருங்கிய சொந்தம், லுபிட்ச் ஹாலிவுட்டில் எடுத்த 1932 படம் 'டிரபிள் இன் பாரடைஸ்'. வெனிஸில் இரண்டு திருடர்கள், ஆளுக்கொரு பிரபு வேஷத்தில். ஒரே டின்னரில் ஒருவர் பொருளை ஒருவர் அடித்துவிடுகிறார்கள். நீயும் என்னை மாதிரி திருடன்தானா என்று தெரிகிற அந்த நொடியில்தான் காதல். 1961-இல் வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனீஸ்' படத்தையும் யோசித்துப் பாருங்க. ஆட்ரி ஹெப்பர்ன் பாத்திரம் பணக்காரர்களை நம்பி வாழ்கிறது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மாடிவீட்டு எழுத்தாளனையும் ஒரு பணக்காரப் பெண்தான் வைத்துப் பராமரிக்கிறாள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? பாருங்க, மறுபடியும் அதே கணக்கு.

ஒரு சின்ன உபரித் தகவல். அதே 2006-இல் வந்த 'லா துப்ளூர்' படத்தில் இதே காத் எல்மலே கார் பார்க்கிங் ஆளாக வருவார். ஒரு கோடீஸ்வரன் தன் கள்ள உறவை மறைக்க, ஒரு சூப்பர் மாடலின் காதலனாக நடிக்கச் சொல்லி அவரை ஏற்பாடு செய்வான். அங்கேயும் பணக்காரர்களுக்குப் பணி செய்கிறவன்தான், அங்கேயும் வேஷம்தான். அந்த வருஷம் பிரெஞ்சு சினிமா அவர் உடம்பில் 'உள்ளே விடப்பட்டாலும் உட்காரத் தெரியாதவன்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் நிற்பதைக் கவனியுங்க. தோள் எப்போதும் லேசாக முன்னால் வளைந்து, எங்கேயோ மணி அடித்தால் ஓடத் தயாராக இருக்கும்.

படத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கு. மத்லேனுக்கு இன்னும் கொஞ்சம் மனசு கொடுத்திருக்கலாம். அவளும் தனியாக இருக்கிறாள். காசு கொடுத்தால்தான் துணை கிடைக்கும் என்று முடிவு செய்துவிட்ட ஒரு பெண்ணிடம் ஒரு பெரிய கதை இருக்கிறது. படம் அவளைப் பெரும்பாலும் ஒரு ஏ.டி.எம். மாதிரிதான் பயன்படுத்துகிறது. ழானும் இரேனும் ஏமாற்றப்பட்டால் நமக்கு வலிக்கிறது, மத்லேன் ஏமாறினால் வலிக்கக் கூடாது என்று படம் நினைக்கிறது. எனக்கு லேசாக வலித்தது.

இப்போ கிளைமாக்ஸ். கையில் எதுவும் இல்லாமல் நிற்கும் இரேனுக்காக ழான் அந்த 30,000 யூரோ கடிகாரத்தை விட்டுக்கொடுக்கிறான். எதற்கு? தன்னோடு வாழ அல்ல. அவள் ஒரு பெரிய பார்ட்டிக்கு நல்ல உடுப்போடு போய், பழைய ழாக்கை மறுபடியும் பிடிப்பதற்கு. யோசிச்சுப் பாருங்க. முதல் பாதியில் அவன் செலவு செய்த ஒவ்வொரு யூரோவும் அவளைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள. கடைசிச் செலவு மட்டும், அவள் நினைத்த இடத்துக்கு அவள் போக. அங்கே போன பிறகு அவள் ழாக்கை விட்டுவிட்டு ழானிடம் வருகிறாள். இருவரும் ஸ்கூட்டரில் இத்தாலிப் பக்கம் கிளம்புகிறார்கள். வழியில் டோல்கேட். ழான் பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் போடுகிறான். ஒரு யூரோ.

எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஹேப்பி எண்டிங் குறைவு. ஹீரோ கடைசியில் ஜமீன் வாரிசு என்று தெரியவரவில்லை, லாட்டரி விழவில்லை, ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கவில்லை. நாளைக்குப் பெட்ரோல் யார் போடுவது என்று படம் சொல்லவில்லை. பத்து விநாடி வாங்கக் கொடுத்த அதே தொகை, இந்தத் தடவை சேர்ந்து போகிற வழிக்குச் செலவாகிறது. தலைப்பின் இரண்டு அர்த்தமும் அந்த நாணயத்தின் இரண்டு பக்கத்தில் இருக்கிறது.

படம் முடிந்ததும் எனக்கு அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சம்பவத்தை நான் எனக்கே சொல்லிக்கொண்ட விதம் இதுதான்: ஏழைப் பையன், அவமானப்பட்டான், ஒதுங்கிப் போனான். பாவம் அவன். ஆனால் அந்த அஞ்சு நிமிஷத்தில் அவள் என்ன தப்பு செய்தாள்? என் அப்பா என்ன வேலை என்று கேட்டாளா? கோட்டு போட்டால் பேச மாட்டேன் என்றாளா? எதுவும் கேட்காத ஒருத்தியிடம் நானாகவே பொய் சொன்னேன். காரணம், பந்தி பரிமாறுகிறவனை அவள் கேவலமாகப் பார்ப்பாள் என்று நானே முடிவு செய்தது. அவளைப் பற்றி அவ்வளவு மட்டமாக நினைத்தவன் நான்தான். அந்த "தேங்க்ஸ்" கிண்டலா, சாதாரணமா, இல்லை என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ரெண்டு வருஷம் டைம் இருந்தது. நான் கேட்கவில்லை.

நாம் பொய் சொல்லும்போது நம்மைப் பற்றித்தான் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். எதிரில் இருப்பவரைப் பற்றியும் ஒரு தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. உன்னால் உண்மையைத் தாங்க முடியாது, உனக்குக் காசுதான் முக்கியம் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். டேட்டிங் ஆப்பில் ஃப்ரெண்டோட கார் பக்கத்தில் நின்று போட்டோ போடும்போதும், இ.எம்.ஐ.-யில் வாங்கிய போனை மேஜைமேல் திருப்பி வைக்கும்போதும் நடப்பது இதுதான். நானும் செய்திருக்கேன், அதனால யாரையும் குத்திக்காட்டலை.

ழான் அதிர்ஷ்டசாலி. அவன் பொய் சீக்கிரமே உடைந்தது. உடைந்த பிறகு அவன் ஒதுங்கிப் போகவில்லை, தன் ஒரு யூரோவோடு அவள் முன்னால் போய் நின்றான். நான் கோட்டைக் கழற்றிப் போட்டது பெரிய தப்பில்லை, பத்தொன்பது வயசு. பாட்டிலை வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஆமா, லீவுல இங்க வேலை பார்க்கறேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

படத்தைப் பாருங்க. பார்த்துட்டு, மத்லேன் விஷயத்தில் நான் சொன்னது சரியா என்று எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், எங்கேயாவது பந்தியில் யாராவது உங்களுக்குத் தண்ணி வைத்தால் முகத்தைப் பார்த்து தேங்க்ஸ் சொல்லுங்க.